மரத்தில் கை வைக்கும் முன்: சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் தொடக்கக் கட்டங்கள்

சைட்டில் வேலை தொடங்க நாள் குறித்த பிறகுதான் பலருக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு (சுருக்கமாக ஈஐஏ) நினைவுக்கு வருகிறது. "ஈஐஏ எப்ப சார் முடியும்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அங்கே ஓடை இருக்கிறதா, மண் எப்படி, சுற்றிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று நாம் கேட்டால் ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். அதில் கட்டடம் மட்டும் வண்ணத்தில் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளைத் தாள். முப்பது ஆண்டுக் காடு அந்த வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி இங்குள்ள தமிழ்ப் பொறியாளர்களுக்கும், ஆலோசனை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும். வீட்டுப் பக்கத்துக் காட்டைப் பற்றிய அறிக்கையைத் திறந்து, ஐந்நூறு பக்கத்தைப் பார்த்து மலைத்து மூடிவைத்த குடியிருப்பாளர்களுக்கும் உதவும். அறிக்கையின் பிற்பகுதியை, அதாவது தாக்கக் கணக்கீட்டையும் தணிப்பு நடவடிக்கைகளையும், நான் தொடப்போவதில்லை. முதல் சில மாதங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறோமே, அதைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அப்போது விட்டது பின்னால் எந்த அத்தியாயத்திலும் வந்து சேராது என்பது என் அனுபவம்.

சட்டத்தை எங்கே தேடுவது?

இந்தியாவிலிருந்து வரும் பொறியாளர்கள் முதலில் கேட்பது, "நம்ம திட்டம் ஏ பிரிவா, பி பிரிவா?" என்றுதான். அங்கே 2006 அறிவிக்கையில் அட்டவணை இருக்கிறது. திட்டத்தின் வகையையும் அளவையும் வைத்துப் பிரிவு சொல்லிவிடலாம். இங்கே அப்படி ஓர் அட்டவணையைத் தேடினால் கிடைக்காது. ஈஐஏவுக்கென்று தனிச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. திட்டமிடல் சட்டம், கடற்கரைச் சட்டம், பூங்காக்கள் மரங்கள் சட்டம், வனவிலங்குச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிர்வாகச் சட்டம் எனப் பல சட்டங்களின் அதிகாரம் சேர்ந்துதான் இந்த நடைமுறையை ஓட்டுகிறது.

இதன் பொருள், திட்டம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே வருகிறது என்பதே இங்கே முக்கியம். தொழிற்பேட்டை நடுவில் பெரிய கிடங்கு கட்டுகிறவருக்கு ஈஐஏ தேவைப்படாமல் போகலாம். காட்டோரத்தில் சின்னச் சாலை போடுகிறவருக்குத் தேவைப்படலாம். தனிச் சட்டம் வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். எனக்கும் அதே கருத்துதான், ஆனால் அது வேறு கட்டுரை.

2020 அக்டோபரில் தேசிய வளர்ச்சி அமைச்சு சில மாற்றங்களை அறிவித்தது. பல்லுயிர் ஆய்வை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குத் தேசியப் பூங்காக் கழகம் வழிகாட்டுநெறிகள் வெளியிட்டது. நாட்டின் பாதுகாப்புக் காரணம் இருந்தால் தவிர அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுவது வழக்கம் என்றானது. அதே ஆண்டு ஜூனில் புதிய பெயருடன் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம், விலங்குகளைக் காக்க நடவடிக்கை எடுக்கும்படி மேம்பாட்டாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தைத் தந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அந்த வழிகாட்டுநெறிகளை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

படி 1: ஈஐஏ தேவையா என்று வடிகட்டுவது

திட்டம் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் போகும்போது, தேவைப்பட்டால் அது தொழில்நுட்ப அமைப்புகளைக் கலந்தாலோசிக்கும். பல்லுயிர் என்றால் தேசியப் பூங்காக் கழகம், மாசு என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம், நீர்நிலை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம், கடல் என்றால் கடல்துறை, துறைமுக ஆணையம். நீங்கள் செய்ய வேண்டியது அவர்கள் கேட்கும் முன்பே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது.

திட்ட எல்லையை வரைபடத்தில் போட்டு, அதன்மேல் நான்கு இயற்கைக் காப்பகங்களை வையுங்கள்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். பிறகு 20 இயற்கைப் பகுதிகள், கடலோரம், கடல்சார் பூங்காக்கள். எல்லைக்குள் இருந்தால்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். அருகில் இருந்தாலும் ஆழமான பரிசீலனை வரும். கடலில் மண் கொட்டும் வேலை என்றால் அண்டை நாட்டையும் நினைக்க வேண்டும். துவாஸ், புலாவ் தெக்கோங் நில மீட்பு தொடர்பாக மலேசியா தொடுத்த வழக்கு 2003இல் ஹாம்பர்க்கில் உள்ள அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயம் வரை போய், 2005இல் உடன்பாட்டில் முடிந்தது.

இந்தப் பட்டியலில் எதுவும் இல்லையென்றால் தப்பித்தோம் என்று அர்த்தமா? டோவர் காட்டைப் பாருங்கள். சுமார் 33 ஹெக்டர். காப்பகம் அல்ல, இயற்கைப் பகுதியும் அல்ல. பழைய ரப்பர் தோட்டமும் கம்பத்து (பழைய கிராமக் குடியிருப்பு) நிலமும் காடாகிப்போன இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே அடிப்படை ஆய்வு (வேலை தொடங்கும் முன் அங்கே என்னென்ன இருக்கிறது என்ற கணக்கெடுப்பு) நடத்தி 2020 இறுதியில் வெளியிட்டது. மக்களிடமிருந்து கருத்துகள் குவிந்தன, கருத்துச் சொல்லும் காலத்தை நீட்டினார்கள். 2021 ஜூலையில் கிழக்குப் பாதியில் மட்டும் வீடு கட்டுவது, மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுக்குத் தொடாமல் விடுவது என்று முடிவானது. ஆகவே வடிகட்டலின்போது "பட்டியலில் இல்லை" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அந்த நிலத்தில் இன்று என்ன நிற்கிறது என்று எழுதுங்கள்.

படி 2: மேசையில் அமர்ந்து செய்யும் வேலை

பழைய நில வரைபடங்கள், வான்வழிப் படங்கள், ஏற்கெனவே வெளியான அண்டை ஈஐஏ அறிக்கைகள், இயற்கை ஆர்வலர்களின் பறவைப் பதிவுகள். இரண்டு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்துத் திட்டத்தின் அறிக்கையைப் படிக்காமல் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் இலவசமாகச் செய்து கொடுத்த வேலை அது.

பழைய படங்களில் கம்பம் தெரியும். கம்பம் இருந்தால் டுரியான், ரம்புத்தான், பலா நிற்கும். பழந்தின்னி வௌவால் வரும். சில இடங்களில் மரத்தடியில் ஒரு சூலமோ சின்னப் பீடமோ மிஞ்சியிருக்கும். அதை இன்னும் யாராவது வந்து கும்பிடுகிறார்களா என்பதும் மதிப்பீட்டுக்கான கேள்விதான், குறித்துவையுங்கள்.

இந்தக் கட்டத்தில் அதிகம் கேட்கும் ஒரு வசனம்: "அது வெறும் அல்பீசியாங்க, வெளிநாட்டு மரம்." உண்மைதான், அல்பீசியா வந்தேறி மரம். வேகமாக வளரும், கிளை ஒடியும். ஆனால் உயரமான அந்த மரத்தின் கவட்டையில் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மரம் நாட்டு மரமா என்பது ஒரு கேள்வி, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு மதிப்பெண் கொடுக்கக் கூடாது.

படி 3: காலால் நடப்பது

அரசு நிலமாக இருந்தால் நுழைய அனுமதி வாங்குங்கள். காப்பகத்துக்குள் ஆய்வு என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். இவை தெரிந்ததே, அனுமதிக்கான நாட்களைக் கால அட்டவணையில் சேர்க்கத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

முதல் நடையைக் கூட்டமாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேர் போதும். மழை பெய்து ஒன்றிரண்டு நாள் கழித்துப் போவது என் வழக்கம். ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதம், தீவின் வடமேற்கில் ஒரு காட்டுத்துண்டுக்குப் போனோம். நில அளவைப் படத்தில் ஓடை எதுவும் இல்லை. பாதை ஒதுக்கித் தர அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர் முன்னால் நடந்தார். இடுப்பளவு பெரணிக்குள் ஒரு பள்ளம் குறுக்கே வந்தது. அடியில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். "பழைய லோங்காங் போல இருக்குண்ணே" (லோங்காங் என்றால் இங்கே வடிகால்) என்று சொல்லிவிட்டுத் தாண்டப் பார்த்தேன். அவர் நின்றுவிட்டார்.

"லோங்காங் இல்ல தம்பி. இது ஓட. கல்லப் பாருங்க, வழவழன்னு இருக்கு."

பிறகு பெரணித் தண்டைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டினார். முழங்கால் உயரத்தில் காய்ந்த சருகும் குச்சியும் வரிசையாகச் சிக்கியிருந்தன. எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, சீப்பால் வாரிவிட்டது போல. மழையன்று தண்ணீர் அந்த உயரத்துக்கு ஓடியிருக்கிறது. பள்ளத்தோடே கீழே இறங்கினால் நூறு அடி தள்ளி ஒரு சிமெண்டுக் கால்வாயில் போய்ச் சேர்ந்தது. ஒரு கல்லைப் புரட்டினால் விரல் நகம் அளவு நண்டு ஒன்று பின்வாங்கி ஓடியது.

இது ஏன் பெரிய விஷயம்? சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் இறங்கும் சேறு நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது. கட்டுமானத் தளத்திலிருந்து கால்வாயில் விடும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நண்டைப் பொறுத்தவரை, உலகில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் இல்லாத நன்னீர் நண்டினம் ஒன்று புக்கிட் தீமா பக்கத்துச் சிற்றோடைகள் சிலவற்றில்தான் உயிர்வாழ்கிறது. நாங்கள் பார்த்தது அதுவல்ல. ஆனால் படத்தில் இல்லாத ஓடையைத் தாண்டிப் போயிருந்தால், எது என்று பார்த்திருக்கவே மாட்டோம்.

நடக்கும்போது வேறென்ன பார்ப்பது? மண்ணில் காட்டுப்பன்றி கிளறிய இடம். அடிமரத்தில் அழுங்கு (செதில் போர்த்திய எறும்புதின்னி) நகம் போட்ட கீறல். காட்டின் விளிம்பிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் சாலைச் சத்தம் கேட்கிறது. எந்தப் பக்கம் இன்னொரு பசுமைத்துண்டோடு கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இந்தக் கடைசி விஷயம் குரங்குகளுக்கு உயிர். பட்டை இலைக்குரங்கு இங்கே அழியும் நிலையில் இருக்கிறது. அது மரத்துக்கு மரம் தாவிப் போகும், தரையில் இறங்க விரும்பாது. பத்து மீட்டர் இடைவெளி உங்களுக்கு ஒரு சந்து, அதற்குச் சுவர்.

படி 4: ஆய்வே பாதிப்பாகும் இடம்

மண் பரிசோதனைக்காகத் துளையிட வேண்டும். துளையிட இயந்திரம் போக வேண்டும். இயந்திரம் போகப் பாதை வேண்டும். பாதைக்கு மரம் வெட்ட வேண்டும். இப்படி ஈஐஏ தொடங்கும் முன்பே பாதிக் காடு போயிருக்கும். இதைச் சிந்திக்காமல் மண் பரிசோதனை ஒப்பந்தத்தை முதலில் கொடுத்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

குறுக்குத் தீவு ரயில் பாதை இதற்கு நல்ல பாடம். 2013இல் அறிவித்தபோது அது மத்திய நீர்ப்பிடிப்புக் காப்பகத்தின் அடியில் போகும் என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. நேராகப் போனால் காப்பகத்தின் அடியில் 2 கிலோமீட்டர். சுற்றிப் போனால் 9 கிலோமீட்டர் நீளப் பாதை. முதல் கட்ட மதிப்பீடு ரயிலை ஆராயவில்லை, மண் பரிசோதனையால் காட்டுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2016 பிப்ரவரியில் வெளியானது. காப்பகத்துக்குள் முதலில் திட்டமிட்ட 72 துளைகள் 16 ஆகக் குறைந்தன. இருக்கும் நடைபாதைகளை ஒட்டியே துளையிடுவது, வெளியேறும் கழிவு நீரைத் தொட்டியில் பிடிப்பது, இயந்திரத்தைச் சத்தத் தடுப்புக்குள் வைப்பது என்று ஏற்பாடுகள் வந்தன. 2019 டிசம்பரில் நேர்ப்பாதை என்று அரசு முடிவெடுத்தது. சுரங்கம் சுமார் 70 மீட்டர் ஆழத்தில். அந்த முடிவை ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் துளையிடுவதற்கே ஒரு மதிப்பீடு என்ற ஒழுங்கை எந்தச் சின்னத் திட்டமும் பின்பற்றலாம்.

படி 5: எதை ஆராய்வது என்று வரையறுப்பது

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திட்டத்தின் செயல்களைக் கீழ்நோக்கி எழுதுங்கள்: மரம் வெட்டுதல், மண் நிரவுதல், பைல் (அடித்தளத் தூண்) அடித்தல், இரவு விளக்கு, லாரி போக்குவரத்து, பிறகு கட்டி முடித்து மக்கள் குடியேறுதல். மேலே பாதிக்கப்படக்கூடியவற்றை எழுதுங்கள்: ஓடை, நிலத்தடி நீர், பறவை, வௌவால், பக்கத்துப் புளோக்கில் குடியிருப்போர், பள்ளிக்கூடம், முதியோர் இல்லம். ஒவ்வொரு கட்டமாக, இது அதைத் தொடுமா என்று கேளுங்கள். தொடாது என்றால் ஏன் தொடாது என்று ஒரு வரி எழுதுங்கள். "பொருந்தாது" என்ற சொல்லை என்னிடம் வரும் வரைவுகளில் நான் வெட்டிவிடுவேன். காரணம் எழுத முடியவில்லை என்றால் அது பொருந்தும்.

எல்லை வரைவதில் எல்லாரும் தடுமாறுவார்கள். வேலித் தகரத்துக்குள் மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று திட்டக்காரர் நினைப்பார். ஆனால் சத்தம் தகரத்தோடு நிற்காது, சேறு ஓடையோடு போகும், வெளிச்சம் மரங்களுக்கு மேல் பரவும். ஆகவே ஒவ்வொரு தாக்கத்துக்கும் தனி எல்லை: நீருக்கு ஓடை சேருமிடம் வரை, சத்தத்துக்கு அருகிலுள்ள வீடுகள் வரை, விலங்குகளுக்கு அவை போய்வரும் பசுமைத் தொடர் முழுவதும்.

பக்கத்தில் வேறு திட்டங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் திட்டம் ஐந்து ஹெக்டர் எடுக்கலாம், கிழக்கே வீடமைப்புத் திட்டம் பத்து எடுக்கலாம், நடுவில் ஒரு சாலை வரலாம். தனித்தனியாக மூன்று அறிக்கைகளும் "மிதமான தாக்கம்" என்று சொல்லும். அழுங்கு மூன்று அறிக்கைகளைத் தனித்தனியாகப் படிப்பதில்லை.

மாற்று வழிகளும் இந்தக் கட்டத்திலேயே மேசைக்கு வர வேண்டும். கட்டடத்தைத் திருப்பி வைக்கலாமா, நுழைவுச் சாலையை மறுபக்கம் போடலாமா, ஏற்கெனவே வெட்டவெளியாக உள்ள பகுதியில் தளக் கொட்டகை அமைக்கலாமா? வரைபடம் பென்சிலில் இருக்கும்போது ஒரு கோட்டை நகர்த்த அரை மணி நேரம் போதும். டெண்டர் விட்ட பிறகு அதே கோட்டை நகர்த்த வழக்கறிஞர் வேண்டும்.

படி 6: அடிப்படை ஆய்வுக்கான நாட்காட்டி

"மூணு மாசத்துல முடிச்சுக் கொடுங்க" என்பார்கள். எந்த மூன்று மாதம் என்று கேளுங்கள். வலசைப் பறவைகள் செப்டம்பர் வாக்கில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். மே முதல் ஜூலை வரை மட்டும் ஆய்வு செய்துவிட்டு "வலசைப் பறவை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினால், அது பொய்யில்லை. ஆனால் தீபாவளிக்கு மறுமாதம் லிட்டில் இந்தியாவுக்குப் போய், இங்கே தெரு விளக்கு அலங்காரமே கிடையாது என்று எழுதுவது போல.

ஓடை நீரை வறண்ட நாளிலும் மழை நாளிலும் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம் டிசம்பர் வாக்கில் தொடங்குவதை நாட்காட்டியில் குறியுங்கள். பறவைக்கு விடியற்காலை, தவளைக்கும் சருகுமானுக்கும் இரவு நடை. அழுங்குக்குத் தானியங்கிக் கேமரா, அதுவும் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், வாரக்கணக்கில். வௌவாலுக்கு ஒலிப்பதிவுக் கருவி. கேமராவில் முக்கால்வாசிப் படம் காற்றில் ஆடும் இலையாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், அந்தக் கூலியையும் விலைப்புள்ளியில் சேருங்கள்.

படி 7: இயற்கை அமைப்புகளிடம் முன்பே பேசுவது

அறிக்கையை வெளியிட்ட பிறகு கருத்துக் கேட்கலாம் என்று பல மேலாளர்கள் நினைக்கிறார்கள். வரையறைக் கட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. இருபது ஆண்டுகளாக ஒரே காட்டுக்கு ஞாயிறுதோறும் போகிறவருக்குத் தெரிந்தது நம் மூன்று மாத ஆய்வுக்குத் தெரியாது. வைக்கோல்தலைச் சின்னான் எந்த மரத்தில் பாடுகிறது என்று அவர் கைகாட்டிவிடுவார். உலகமெங்கும் அருகிவரும் அந்தப் பறவைக்குச் சிங்கப்பூர் ஒரு முக்கியப் புகலிடம்.

இந்த ஊரில் அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டி கோல்ஃப் திடல் அமைக்கும் யோசனை வந்தபோது, இயற்கைச் சங்கம் தானே ஒரு தாக்க மதிப்பீட்டைத் தயாரித்து 1992இல் வெளியிட்டது. திடல் வரவில்லை. 2001இல் புலாவ் உபினின் செக் ஜாவாவில் நில மீட்பு தொடங்கவிருந்தபோது, தன்னார்வலர்கள் அலையிறங்கிய நேரத்தில் போய் உயிரினங்களைப் பதிவு செய்தார்கள், மக்கள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. செக் ஜாவா இன்றும் இருக்கிறது.

படி 8: தொடக்க அறிக்கையும் சிவப்பு நாடாவும்

இதுவரை சேர்த்தவற்றை எல்லாம் தொடக்க அறிக்கையாக எழுதி, படி 1இல் சொன்ன தொழில்நுட்ப அமைப்புகளிடம் கொடுக்க வேண்டும்: திட்ட விவரம், வரையறை, ஆய்வு முறைகள், நாட்காட்டி, விட்டுவிட்டவையும் அவற்றுக்கான காரணங்களும். ஒப்புதல் வந்த பிறகே களஆய்வுக் குழுவை இறக்குங்கள். ஒப்புக்கொள்ளாத முறையில் ஆறு மாதம் தரவு சேர்த்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இதோடு "நிறுத்தப் புள்ளி" ஒன்றையும் எழுதுங்கள்: அடிப்படை ஆய்வு முடிந்து எழுத்துபூர்வ அனுமதி வரும் வரை தாவரம் எதையும் அகற்றக் கூடாது. இதை மேம்பாட்டாளரின் கோப்பில் மட்டும் வைத்தால் போதாது. 2021 தொடக்கத்தில் கிராஞ்சியில் ஒரு காட்டுப்பகுதி, பல்லுயிர் ஆய்வு முடியும் முன்பே பிழையாக அழிக்கப்பட்டது பெரிய செய்தியானது. அதன்பிறகு தளக் கூட்டங்களில் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாகிவிட்டேன். எஸ்கவேட்டர் ஓட்டுகிறவரின் கையில் வரைபடம் இருக்க வேண்டும், அதுவும் அவர் படிக்கும் மொழியில்: தமிழ், வங்காளம், சீனம், எதுவானாலும்.

அந்த வடமேற்குக் காட்டில் ஓடைக்கு முப்பது மீட்டர் தள்ளி, மரம் மரமாகச் சிவப்பு நாடா கட்டினோம். பெயரில்லாத ஓடை, அறிக்கையில் நீர் மாதிரி இடம் 4. நாடா கட்டி முடித்ததும் அறந்தாங்கி அண்ணன் மற்ற ஆட்களைக் கூப்பிட்டு, என் பவர்பாயிண்ட் படங்களில் நாற்பது பக்கத்தில் இருந்ததை இரண்டு வரியில் சொன்னார்: "செவப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு குச்சியக்கூட ஒடிக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போறதுன்னாலும் இந்தப் பக்கந்தான்."